கம்பத்தில் உன் முகம்

2020 மார்ச் 5, வியாழன் காலை

அன்பு ராலித்சாவுக்கு அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், முதலில் இதை நம்பிவிட்டுப் பிறகு மற்றதைப் படி. அங்கே நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான்கு நாளாக எனக்கு வேறு நினைப்பில்லை. மார்பு இரைச்சல் போன குளிர்காலத்தைவிடக் குறைவு, மாத்திரை தவறவிடவில்லை, ஆட்டுக்கு இரண்டு குட்டி, இரண்டும் பிழைத்துக்கொண்டன. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊர்ச் செய்தி, அதைச் சொல்லாமல் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாது.

இந்தக் கடிதத்தை ரூசியிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை அவன் பேருந்து புறப்பட்டால் சனிக்கிழமை மாலை இத்தாலி எல்லை தாண்டி பிரேஷாவில் இருக்கும். வருவதானால் ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில்தான் ஏறுவதாக நீ சொல்லியிருக்கிறாய். ஒரு பையைக்கூட மேலே ஏற்றுவதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவனிடம் இரண்டு தடவை சொன்னேன். "சார், நானும் உங்க வகுப்புல படிச்சவன்தான், ஒரு தடவை சொன்னாப் போதும்" என்கிறான். மூன்று வருஷம் அவனுக்கு நான் எல்லாவற்றையும் ஐந்து தடவை சொல்லிக்கொடுத்தது அவனுக்கு மறந்துவிட்டது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஞாயிறன்று நீ கேட்டாய், அம்மாவுக்கு வருஷம் முடிகிறது, வரட்டுமா வேண்டாமா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. நான் உன் இஷ்டம் என்றேன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல் என்று முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளை அதட்டியவன் நான். உன் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு எழுவதில்லை, எழுதினால் வரும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே நோய் யாருக்கும் வரவில்லை, பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. முதலில் பென்காவின் கடையில் வினிகர் தீர்ந்தது, அடுத்த நாள் மாவு, அதற்கடுத்த நாள் மொச்சை, பிறகு கழிவறைத் தாள். கழிவறைத் தாள் எதற்கு என்று பென்காவிடமே கேட்டேன், தெரியாது, எல்லோரும் வாங்குகிறார்கள், நானும் எனக்குப் பன்னிரண்டு எடுத்து வைத்துக்கொண்டேன் என்றாள். வகுப்பில் ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் கடைசி பெஞ்சு வரை அது எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும், அதுபோலத்தான். இந்த வருஷம் மார்ச் முதல் நாள் சிவப்பு வெள்ளைக் கயிற்றை யாரும் யார் மணிக்கட்டிலும் கட்டவில்லை, அவரவர் வேலியில் தொங்கவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து கத்தினார்கள். கோயிலில் எல்லோர் வாய்க்கும் ஒரே கரண்டியில் நற்கருணை அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கலாமா கூடாதா என்று இரண்டு கட்சியாகிவிட்டார்கள். கூடாது என்ற கட்சி போன ஞாயிற்றுக்கிழமை வெளியே நின்றது, நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே குடுவையிலிருந்து பிளம் சாராயத்தை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள், கிருமிக்கு நல்லதாம். எதிர்வீட்டு சோன்காவுக்கு அவள் மகன் மிலானிலிருந்து மூட்டை அனுப்பியிருந்தான். அவள் அதை மூன்று நாள் வாதுமை மரத்தடியில் போட்டு, காலையும் மாலையும் மேலே சாராயம் தெளித்தாள். காப்பிப் பொட்டலத்தை மட்டும் முதல் நாளே உள்ளே எடுத்துப் போய்விட்டாள், காப்பியில் அதெல்லாம் ஒட்டாதாம்.

இதையெல்லாம் சொல்லி நான் சிரிக்கலாம், திங்கட்கிழமை சிரிக்க முடியவில்லை. கடை வாசலில் இருபது முப்பது பேர் கூடினார்கள். இத்தாலியில் ஆள் இருக்கிற வீடுகளை எண்ணிப் பட்டியல் போட்டார்கள், பதினோரு வீடு, நம் வீடு நான்காவது. ரூசியின் வண்டி சாமான் கொண்டுவரட்டும், ஆளைக் கொண்டுவரக் கூடாது என்று நகரத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது சோன்கா, அவள் மகன் பெயரும் பட்டியலில் இருந்தது. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, உங்கள் மகளைக் குறித்துச் சொல்லவில்லை வாத்தியாரே, பொதுவாகச் சொல்கிறோம் என்றாள். எனக்கு அந்தப் பேன் வருஷம் நினைவுக்கு வந்தது. நீ அப்போது கைக்குழந்தை. நான்காம் வகுப்பில் ஒரு பெண்ணின் தலையில் பேன் கண்டுபிடித்தார்கள், அவள் அனாதை இல்லத்திலிருந்து வந்தவள், அதனால் அவள்தான் கொண்டுவந்தாள் என்று முழு வகுப்பும் முடிவு செய்துவிட்டது, பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அழுதார்கள். தாதி வந்து எல்லோர் தலையையும் பார்த்தபோது ஆறு தலையில் இருந்தது, அதில் அதிகம் இருந்தது தலைமையாசிரியர் மகன் தலையில். அன்றைக்கு அந்தப் பெண்ணை என் மேசைக்கு அருகில் கொண்டுவந்து உட்காரவைத்தேன். திங்கட்கிழமை கடை வாசலில் நான் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அன்று பிற்பகல்தான் அம்மாவின் முதலாண்டு நினைவஞ்சலித் தாள்களை ஒட்டினேன். பதினான்காம் தேதி சனிக்கிழமை கல்லறையில் பூசை, பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் ஒட்டுவதுதானே நம் வழக்கம். நம் கதவில், பேருந்து நிறுத்தத்தில், கடைக்கு எதிரே, விளக்குக் கம்பங்களில் என்று மொத்தம் இருபது. படத்துக்கு மட்டும் நான் வழக்கத்தை மீறினேன். கடைசி இரண்டு வருஷப் படம் எதிலும் அவள் அவளாக இல்லை, மருந்தில் வீங்கிய முகம், அவளுக்கே அது பிடிக்காது. அதனால் முப்பத்தைந்து வயதில், திராட்சை அறுவடையின்போது தலைத்துணி இல்லாமல் சிரிக்கிற அந்தப் படத்தைக் கொடுத்தேன். அச்சுக்கடைப் பையன் நன்றாகப் பெரிதாக்கித் தந்தான், அழகாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே ஒட்டினேன். உன் வயதும் இப்போது முப்பத்தைந்து என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை தெரு மாறிவிட்டது. பென்கா ரொட்டியைப் பலகையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்கு வெளியே நின்றவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள், தொப்பியை எடுத்தவர்களும் இருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் வாசல் கம்பிக்கதவின் கீழே மூடி வைத்த மொச்சை சூப், பக்கத்தில் யாரும் இல்லை. பட்டியலால்தான் இப்படி, நீ வருமுன்பே நம் வீட்டை ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். சூப்பைத் தொடவில்லை. அன்றுதான் உன்னைக் கூப்பிட்டு மழையைப் பற்றியும் ஆட்டுக்குட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன், நீ நடுவில் இரண்டு தடவை இருமினாய். பிளீச்சிங் பவுடர் நெடி என்று சொன்னாய். ஆமாம், தரை துடைத்தால் நெடி வரத்தான் செய்யும் என்று நானும் சொன்னேன்.

புதன்கிழமை காலை சோன்கா வந்தாள். வாசலுக்கு வரவில்லை, தெரு நடுவில் நின்றாள், கறுப்புத் துணி கட்டியிருந்தாள், கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. அங்கிருந்தே பேசினாள். "அந்தப் பொண்ணு இங்க வரவேணாம்னுதான் வாத்தியாரே சொன்னேன். சாகட்டும்னு நான் சொல்லலையே" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் செத்தது என்று கேட்டேன், அவள் அழுதுகொண்டே கம்பத்தைக் கைகாட்டினாள். அப்போதுதான் புரிந்தது. கம்பத்தில் எத்தனை பேர் கை பட்டதோ என்று இப்போது யாரும் கிட்டே போய்ப் படிப்பதில்லை, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் புதுச் சாவுக்கும் அதே தாள், வருஷ நினைவுக்கும் அதே தாள், உள்ளே இருக்கும் ஒரு வரிதான் வேறு. தூரத்திலிருந்து வரி தெரியாது, கறுப்புக் கரையும் முகமும்தான் தெரியும். இரண்டு நாளில் ஊர் உன்னை அடக்கமே செய்துவிட்டது. இத்தாலியில் எரித்துவிட்டார்கள் என்று சிலர், ரூசி மூட்டைகளுக்கு நடுவில் கொண்டுவந்துவிட்டான் என்று சிலர், ஒரு வாரமாகத் தெரிந்தும் வாத்தியார் மறைத்தார் என்று பென்கா. சோன்கா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இது நெவேனாவின் படம், அறுவடையில் எடுத்தது, நீயும் அன்றைக்குப் பக்கத்தில்தானே இருந்தாய் என்றேன். அவள் முதலில் நம்பவில்லை, கம்பத்தருகே போய், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, வரி வரியாகப் படித்தாள். படித்து முடித்ததும் அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன மனுஷன், இந்தக் காலத்துல போயி எந்தப் படத்தைப் போடுறதுன்னு தெரியலையா? ரெண்டு நாளா நான் வாய்ல தண்ணி வைக்கலை" என்று திட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே மூச்சில், "அப்போ ராலி வரலைதானே?" என்று கேட்டாள். அந்த மொச்சை சூப்பும் அவள் வைத்ததுதான்.

அவள் போன பிறகு நான் தெருவின் அந்தப் பக்கம் போய் அவர்கள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். ராலி, அது நீதான். நெற்றி, சிரிக்கும்போது ஒரு பக்கம் ஏறுகிற உதடு, எல்லாம். அச்சடிக்கக் கொடுத்ததும் ஒட்டியதும் நானே, ஆனாலும் சோன்கா வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஒட்டிய தாளைக் கிழிப்பது நம்மில் யாரும் செய்யாத காரியம், மழைதான் அதை எடுக்க வேண்டும். அதனால் கறுப்பு மெழுகுப் பென்சிலை எடுத்துக்கொண்டு போய் இருபது தாளிலும் படத்துக்குக் கீழே தூரத்திலிருந்து தெரிகிற அளவுக்கு எழுதினேன், இது நெவேனா, மகள் நலம் என்று. ஏழாவது எட்டாவது தாளில் என் கை நின்றுவிட்டது. மகள் நலம் என்று ஊருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், எனக்கு அது தெரியுமா? அந்த இருமலைப் பற்றி நான் ஏன் இன்னொரு கேள்வி கேட்கவில்லை? சுரம் இருக்கிறதா, உடம்பு வலிக்கிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, இது மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரூசியிடம் கொடு, பொய் எழுதாதே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நீ இங்கே வேண்டும். பட்டியல் போட்டவர்களுக்காக நான் உன்னை வராதே என்று சொல்லப்போவதில்லை, அவர்கள் கெட்டவர்களும் இல்லை, சூப்பும் வைக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் நான் வாயைத் திறப்பேன், இதைச் சோன்காவிடமே சொல்லிவிட்டேன். ஆனால் வண்டியை நினைத்துப் பார். நாற்பது பேர், ஜன்னல் மூடிய வண்டி, இரண்டு நாள். நோய் இல்லாமல் ஏறினாலும் நோயோடு இறங்கலாம். இறங்கினால் பதினான்கு நாள் அறைக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், கல்லறைப் பூசை நடக்கும்போது நீ பின்னறையில் உட்கார்ந்திருப்பாய், எதற்காக வந்தாயோ அது நடக்காது. நம் ஊருக்கு மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், என் மார்பு எப்படி என்று உனக்குத் தெரியும். என்னிடம் நீ எதையாவது கொண்டுவந்து சேர்த்துவிட்டால் மீதி வாழ்நாள் முழுக்க அதை நீதான் சுமப்பாய், அந்தச் சுமை உனக்கு வேண்டாம். நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவர் அத்தீலியோவும் இருக்கிறார். அவருடைய மகனே பயந்து படிக்கட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகிறான் என்று நீதான் சொன்னாய். நீயும் கிளம்பிவிட்டால் அவரைப் படுக்கையில் திருப்பிவிட யார் இருக்கிறார்கள்? எனவே நேராகச் சொல்கிறேன், வராதே. இதற்கு முன் இரண்டு தாளில் வா என்று எழுதிக் கிழித்துப் போட்டேன், அதுவும் உனக்குத் தெரியட்டும்.

அம்மாவின் பூசையை நான் பார்த்துக்கொள்கிறேன். பூசைக்குப் பிறகு பங்கிடுகிற கோதுமையை அவிக்கத் தெரியும், சர்க்கரை மேலே தூவ வேண்டும் கலக்கக் கூடாது என்பதும் தெரியும். வருகிறவர்கள் வரட்டும், வராதவர்கள் வேலிக்கு அப்பாலிருந்து தலை குனியட்டும். நீ அன்று காலை பத்து மணிக்கு அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, கிழவர் கேட்டால் யாருக்கு என்று சொல். வெளியே போனால் வந்ததும் கையைக் கழுவு, முகத்தைத் தொடாதே, அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்காதே, இரவில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிற பழக்கத்தை இந்த மாதமாவது விடு. பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கலக்கும்போது மூக்கை நீட்டிப் பார்க்காதே. கடவுளும் உன் அம்மாவும் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இதையெல்லாம் படித்த பிறகும் நீ ஏறிவிடுவாயோ என்று ஒரு பக்கம் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நீ என் மகள், சொன்னதைக் கேட்கிற வழக்கம் உனக்கு எப்போதும் இல்லை. பின்னறை அடுப்புக்கு விறகு அடுக்கிவிட்டேன், நான் வெளிச் சமையலறையில் படுத்துக்கொள்வேன், சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைப்பேன். செவ்வாய்க்கிழமை வண்டி வரும்போது நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். ரூசி எல்லோரையும் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்துகிற வரைக்கும் நிற்பேன். நீ இறங்காவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான். அது என் முகத்தில் தெரியுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை, அதனால் ரூசியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், அன்றைக்கு என்னிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், உன் தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று.

உன் மூன்று பதிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா
ஸ்தொய்மென்