லயானா மேடையேறும் நாள்

ஹவ்வா,

நீ ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வருவதற்குள் எங்கள் படகு கிளம்பிவிடும். லயானாவோடு என் தங்கை இருக்கிறாள். மாசிக் கருவாடும் தேங்காயும் பிசைந்து மூடி வைத்திருக்கிறேன். ரொட்டி மட்டும் சுட்டுக்கொள். அவள் பங்கில் மிளகாய் இல்லை.

இன்றைய பேச்சுப் போட்டி பயம் போக அவளைப் பத்துத் தடவை துஆ ஓதச் சொன்னாய். நல்லதற்குத்தான். ஆனால் ஒரு சொல் தடுக்கினாலும் அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். துஆவே இன்னொரு போட்டியாகிவிட்டது. நேற்று அதைத்தான் சொல்ல வந்தேன். கத்திச் சொன்னது என் தப்பு.

விடியலில் என்னோடு தொழுதாள். "அரபியில வரலேன்னா நம்ம பேச்சுலயே கேளு, அல்லாவுக்கு திவேஹியும் தெரியும்" என்றேன். கையேந்தி நெடுநேரம் முணுமுணுத்தாள். பாயிலேயே தூங்கிவிட்டாள். ஏழு மணிக்கு எழுப்பு.

ஸாபித்

மறந்துவிட்டேன். தூங்குவதற்கு முன், "வாப்பா, இன்னைக்கு மைக்கு கெட்டுப் போகணும்னு கேட்டிருக்கேன், நீங்களும் ஆமீன் சொல்லுங்க" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன செய்வது, சொல்லிவிட்டேன். ஆகவே பள்ளிக்கூடத்தில் மைக் வேலை செய்யாவிட்டால், தயவுசெய்து அதைப் பார்த்துக்கொள்ளும் வாத்தியாரைத் திட்டாதே.