பெட்டிக்குள் வரைந்த படங்கள்

ரிங்லெட் தேயிலைத் தோட்டம்
12-8-1976

அன்பு மகள் அம்சவல்லிக்கு அம்மா செல்லம்மா எழுதிக்கொள்வது. மாரியாத்தா துணையில் நானும் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் பினாங்கில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் என் மனசு ஆறும். உன் கடுதாசி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பேக்டரியில் பூதக்கண்ணாடிக்குள் பார்த்து மயிர்க்கம்பி ஒட்டுகிற பெண்கள் திடீரென்று அலறி விழுகிறார்கள், ஒருத்தி விழுந்தால் வரிசையாக விழுகிறார்கள், அடுத்தது நானோ என்று தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை, அவருக்கு இரத்தக் கொதிப்பு.

பக்கத்து வீட்டு நவமணி இறந்துபோனாள் என்று சித்திரையில் எழுதினேன், எப்படி என்று எழுதவில்லை. தேயிலை சலிக்கிற மிசின் பெல்ட்டில் அவள் முந்தானை சிக்கி உள்ளே இழுத்துவிட்டது கண்ணு. லோரியில் ஏற்றித் தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு தோட்டத்துப் பேக்டரியில் எங்களில் ஒருத்தியும் சரியாக இல்லை. காலையில் பெல்ட் ஓடத் தொடங்கினாலே முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வேன். மிசின் பக்கத்தில் நிற்கிற நீலாவதி ஒருநாள் அலறி விழுந்தாள், மறுநாள் இன்னும் இரண்டு பேர். பூசாரி வந்து கிடா வெட்டினார், பிறகு போமோ என்கிற மலாய்க்கார மந்திரவாதி வந்து தண்ணீர் தெளித்தார், கொஞ்ச நாள் அடங்கியிருந்து திரும்பவும் வந்துவிட்டது. உன் கடுதாசியைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்காமல் போனது இதனால்தான்.

தேயிலை ஏற்றுகிற பலகைப் பெட்டிக்குள் வெள்ளித்தாள் ஒட்டுகிற வேலம்மாவை உனக்குத் தெரியும், வாய் திறக்கவே மாட்டாள். அவள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பெட்டிக்கு நம்பர் போடுகிற கறுப்பு மையைப் பிரஷால் தொட்டுக் காலிப் பெட்டியின் உட்பலகையில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் நவமணி, முன்பல் இடைவெளி தெரியச் சிரிக்கிறாள். என்னடி இது என்றேன். "உள்ளயே வச்சிருந்தா பைத்தியம் புடிச்சிரும் போல இருக்குக்கா, பெட்டில போட்டுக் கப்பல்ல அனுப்பிடலாம்லா" என்று சொல்லிவிட்டு அதன்மேல் தாளை ஒட்டிவிட்டாள். இரண்டு நாளில் மற்றவர்களும் பிரஷைக் கேட்டு வாங்கினார்கள். நானும் ஒரு கோலம் போட்டேன், மயில் போட்டவர்கள் உண்டு. நீலாவதி அந்தப் பெல்ட்டையே போட்டாள், மலைப்பாம்பு மாதிரி வளைத்து வளைத்து, நடுவில் ஒரு கை. போட்டு முடித்ததும் உட்கார்ந்து அழுதாள், நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம், செத்தவளைப் பற்றி அன்றைக்குத்தான் வாய்விட்டுப் பேசினோம். அதற்குப் பிறகு யாரும் விழவில்லை. பயம் போகவில்லை, ஆனால் மிசின் பக்கத்தில் போய் நின்று வேலை செய்ய முடிந்தது.

போன மாதம் லோரியில் ஏற்றும்போது ஒரு பெட்டி விழுந்து உடைந்தது. தாள் கிழிந்து நீலாவதியின் படம் வெளியே தெரிய, கணக்கெழுதுகிற சுப்பிரமணியம் கிராணி பலகையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துத் துரையிடம் போய்விட்டார். எங்கள் எல்லாரையும் ஆபீஸ் வாசலில் நிறுத்தினார்கள். அப்பாவுக்கு இன்னும் பிரஜை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசிதான், வேலை பெர்மிட் புதுப்பிக்கத் துரை கையெழுத்து வேண்டும், வேலை போனால் வீடும் போகும், இதெல்லாம் நினைத்து நான் ஆள்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். யார் போட்டது என்று துரை கேட்டார். "நான்தாங்க தொடங்குனேன்" என்றாள் வேலம்மா. "இது நான் போட்டது, இதுதான் நவமணிய இழுத்த பெல்ட்டு" என்றாள் நீலாவதி. என் கையும் எப்படியோ மேலே போய்விட்டது. துரை அந்தப் பலகையோடு மிசின் பக்கம் நடந்துபோய்ப் பெல்ட்டையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாராம்.

அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து ஆள் வந்து பெல்ட்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்துவிட்டுப் போனான். விற்கிற பெட்டியில் இனி ஒரு கோடு இருந்தாலும் வேலை இல்லை என்று கிராணி சொன்னார். எங்கள் பெயர்களை எழுதியும் வைத்திருக்கிறார், அப்பா பெர்மிட் புதுப்பிக்கிறது அடுத்த மாதம், என்ன செய்வார்களோ என்று பகலெல்லாம் எனக்கு அதே நினைப்பு. ஆனாலும் உடைந்த பலகைகளைப் பெட்டியறை மூலையில் அடுக்கியிருக்கிறார்கள், அதில் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சாப்பாட்டு நேரத்தில் அதில் போடுகிறோம்.

உடனே வந்துவிடு என்று எழுதத்தான் கை போகிறது, வந்தால் இங்கே உனக்கு என்ன வேலை இருக்கிறது, அதுவும் தெரியவில்லை. அங்கே உன் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடமாவது வாய்விட்டுப் பேசு, சும்மா அடக்கிக்கொண்டு கிடக்காதே. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்காதே. நேற்று நான் ஒரு பலகையில் உன்னைப் போட உட்கார்ந்தேன். ஒரு மேசை போட்டேன், ஒரு நாற்காலி போட்டேன், அதற்குமேல் கை ஓடவில்லை. நீ எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறாய், ஜன்னல் இருக்கிறதா, அந்தக் கண்ணாடி எப்படி இருக்கும், பெற்றவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மாரியாத்தா உன்னைக் கண்ணிமை போலக் காப்பாள், நீ நன்றாக இருப்பாய். பதில் போடும்போது நீ வேலை செய்கிற இடத்தைப் பென்சிலால் வரைந்து அனுப்பு, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. எது உன்னைப் பயமுறுத்துகிறதோ அதையும் அதில் போடு. அதை இங்கே நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா செல்லம்மா