மீட்டல்

அன்புக் குட்டிப்பெண்ணுக்கு,

இந்த ஊர் லிஃப்டுகள் எல்லாம் பேரைக் கேட்டாலே நடுங்கும் மெக்கானிக், உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. நான் நலம். உன் அம்மாவின் முழங்காலும் ஏறக்குறைய நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் காகிதம். உன் வேலையிடத்துக்கு அனுப்புகிறேன். வீட்டு முகவரியை எழுத ஏனோ கை வரவில்லை.

கல்யாணத்துச் சண்டைக்குப் பிறகு அம்மாவோடு பேச்சே இல்லாமல் இருந்தவள், திடீரென்று அவள் போனுக்குக் கிதார் வாசித்து அனுப்பியிருந்தாய். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. 'மீட்டல்' என்று பெயர் மட்டும். அக்கா போனை என்னிடம் நீட்டி, இதுக்கு என்னடா அர்த்தம் என்றாள். மோட்டார் முனகுவதை வைத்தே எந்த மாடியில் கோளாறு என்று சொல்கிறவன் நான். என் காதைப் படம் பிடித்துக்கொண்டு போன இன்ஜினியர்கள் உண்டு.

கண்ணை மூடிக் கேட்டேன். தடித்த கம்பி ஒரே இடத்தில் நின்று அதட்டுகிறதே, அது உன் வீட்டுக்காரர் என்றேன். மெல்லிய கம்பி நீ. நீ ஏற ஏற அவர் கீழே இழுக்கிறார். இசையில் எல்லாமே உருவகம்தான் என்று, ஏழாம் வகுப்போடு நிறுத்தினாலும் ஆழமாகப் படித்தவன் என்பதால், விளக்கோ விளக்கென்று விளக்கினேன். அக்கா மறுபடி போட்டுக் கேட்டாள். "கடைசியில ஏன்டா பாதியிலயே நின்னுபோச்சு?" என்றாள்.

தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய். "யாராவது ரூமுக்குள்ள வந்திருப்பாங்கக்கா" என்றேன்.

அவ்வளவுதான். மீட்டல் என்றால் மீட்கச் சொல்கிறாள் என்று முடிவு கட்டிப் பெட்டியும் கட்டிவிட்டாள். அது வாசலிலேயே இருக்கிறது. போகவர நான்தான் இடித்துக்கொள்கிறேன்.

மாடிவீட்டுக் கிதார் வாத்தியாரோ, மீட்டல் என்றால் கம்பியை மீட்டுவது, பழகுகிறவர்கள் வைக்கிற பெயர், வேறொன்றும் இல்லை என்கிறார். அவருக்குக் காது போதாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் லிஃப்டுக்குள் நின்றால் மோட்டார் உன் வாசிப்பைத்தான் வாசிக்கிறது. மாடிக்கு ஒரு சாண் கீழே நின்றுபோய்க் கதவு திறக்காதது போலவே இருக்கிறது எனக்கு. நேற்று நன்றாக ஓடிய லிஃப்டைப் பிரித்துப் போட்டேன். முதலாளி கத்தினார், பிறகு அவரே மன்னிப்புக் கேட்டார் என்று வைத்துக்கொள்.

நான் சும்மா அளந்துவிட்டேன் என்று அக்காவிடம் சொல்லியும் பார்த்தேன். "நீ அளப்பேன்னு எனக்குத் தெரியாதாடா? ஆனா அவ கூப்பிட்டது நெசம்" என்றாள்.

வெறும் கம்பியை மீட்டியதுதான் என்றால், மிச்சத்தையும் வாசித்து அனுப்பு. முடிகிற இடம்வரை வரட்டும். அக்கா பெட்டியைப் பிரிப்பாள். மற்றது என்றால், ஒரே ஒரு கம்பியை ஒரு தரம் தட்டி அனுப்பு, போதும். அதற்கு நான் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. நன்றாக இல்லை என்றால், அது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

வண்டிக்கு டீசல் நிரப்பி வைத்திருக்கும்,
உன் மாமா