நான் கொடுக்காத கவர்

நேற்று மதியக் காட்சிக்குத் தங்கை என்னை வற்புறுத்தி அழைத்துப் போனாள். குற்றச் செய்தி எழுதும் நிருபர் ஒருவன் கடத்தல் கும்பலை எதிர்க்கிற படம். கதாநாயகன் துப்பாக்கியைத் தூக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "எல்லாம் சரி, செய்தியை எவன் பஸ்ஸுல கொடுத்துவிடுவான்?" என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

நம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே, உங்கள் நிருபர் வேலையில் பாதி அந்தப் பஸ்தான். காலையில் எழுதி, கவரை ஒட்டி, மதுரை பஸ் டிரைவரிடம் கொடுப்பீர்கள். அங்கே பத்திரிகை ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். உப்பளக் கூலிச் சண்டை, மாதா கோயில் தேர் எல்லாம் அப்படித்தான் போயின. மறுநாள் 'நமது நிருபர்' என்று மட்டும் அச்சில் இருக்கும். அந்த இரண்டு சொல்லையும் விரலால் தடவிப் பார்ப்பீர்கள். நான் கவனிக்காததுபோல் இருந்துவிடுவேன்.

புதிய துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த சமயம். தோணிக்காரர் அந்தோணியின் தோணியில் கடத்தல் துணிமூட்டைகள் இருந்ததாகப் போலீஸார் அவரைப் பிடித்துப் போனார்கள். மூட்டைகள் யாருடையவை என்று கடற்கரைக்கே தெரியும், சொல்லத்தான் ஆளில்லை. நீங்கள் மூன்று வாரம் அலைந்து, இரண்டு பேரைப் பேசவைத்து, எழுதி முடித்தீர்கள். அன்று உங்களுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகிற வழியில் கொடுத்துவிடச் சொல்லிக் கவரை என்னிடம் தந்தீர்கள்.

முந்தின நாள் நடந்ததை நான் உங்களிடம் சொல்லவில்லை. அந்த மூட்டைகளுக்குச் சொந்தமான கும்பலின் தலைவர், ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், பள்ளி வாசலில் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு நின்றார்.

"டீச்சர், கடற்கரை ரோட்டுல தனியாத்தான நடந்து போறீய?"

அவ்வளவுதான் கேட்டார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நான் நன்றி வேறு சொன்னேன்.

கவரைப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். செய்தி வராமல் போகவும், டிரைவரைக் கும்பல் வளைத்துவிட்டது என்று நினைத்தீர்கள். பல வருடப் பழக்கம். அவர் நலம் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதையும் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் அந்தோணியின் மனைவி ரோசம்மாள் பேப்பரோடு வந்தாள். படிக்கத் தெரியாதவள். "இன்னைக்காவது வந்துட்டா டீச்சர்?" என்று கேட்டு, எந்த இடம் என்று நான் தொட்டுக்காட்டுவதற்காக அதை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

அவள் போனதும் கவரை எடுத்து வந்து உங்கள் கட்டிலில் வைத்தேன். ஒட்டியது பிரியாமல் இருந்த அதை வெகுநேரம் பார்த்தீர்கள். கத்துவீர்கள் என்று காத்திருந்தேன்.

"ஏளா, பயமா இருக்குன்னு சொல்லிருக்கலாம்லா. ரெண்டு பேருமாச் சேர்ந்து பயந்திருப்போம்."

உங்களுக்கும் பயம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முதலில் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். "காய்ச்சல்ல உளறுதீரு, ஏறி உக்காரும்" என்றார் அவர். மதுரைவரை நீங்கள் என் தோளில் சாய்ந்து தூங்கினீர்கள். கவர் என் மடியில் இருந்தது.

செய்தி வந்தது. ரோசம்மாளுக்கு இடத்தைத் தொட்டுக்காட்டினேன். அந்தோணி வெளியே வர நான்கு மாதமாயிற்று. நம் கூரையில் கல் விழுந்து இரண்டு ஓடுகள் உடைந்தன. அண்ணாச்சி சில காலம் ஊரில் இல்லை, பிறகு திரும்பிவிட்டார். கடற்கரை ரோட்டில் நான் நடந்துதான் போய்வந்தேன், பாதித் தூரம் நீங்கள் துணைக்கு வர.

நீங்கள் போன பிறகு அந்தப் பாதித் தூரமும் தனியாகத்தான். அது பழகிவிட்டது. போன மாதம், பள்ளி ஆயா திருடினாள் என்று எழுதிய தாளில் ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றது நிர்வாகம். யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. தாள் என்னிடம் வந்தபோது, "எனக்குப் பயமாத்தான் இருக்கு, ஆனா போட மாட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். எதிரே இருந்த கணக்கு டீச்சர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "எனக்கும்தான்" என்றாள்.