யாருக்காவது இருந்ததா?

சின்னவளின் அப்பாவுக்கு,

நீங்கள் வீட்டைவிட்டுப் போன பிறகு பள்ளியில் அவளைச் சோதித்துப் பார்த்தார்கள். நீங்கள் சொல்லிச் சொல்லி அடித்தீர்களே, அதுபோல் சோம்பலும் இல்லை, திமிரும் இல்லையாம். எழுத்தையும் ஓசையையும் சேர்த்துப் பிடிக்கத்தான் சிரமப்படுகிறாளாம். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் படித்துவிடுவாளாம்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?" என்று சிறப்பாசிரியை கேட்டார். ஓட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் "கண்ணாடி கொண்டு வரல, நீயே படி" என்பீர்களே, அது நினைவுக்கு வந்தது. உங்களிடம் கண்ணாடியே இருந்ததில்லை.

"தெரியலைங்க" என்றேன்.

வெளியே வந்ததும், "நான் வேணும்னே தப்பாப் படிக்கலன்னு அப்பாகிட்ட சொல்லிடும்மா" என்றாள். இதோ, சொல்லிவிட்டேன்.

பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுதியிருக்கிறேன். யாரிடமும் படிக்கக் கொடுக்க வேண்டாம். மெதுவாகவே படியுங்கள். தப்பாகப் படித்தாலும் யாரும் அடிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா