டிரைவர் மனைவியின் பின்னல்

மார்ச் 4

காலையிலிருந்து இடுப்பு வலி. முடி பின்னும் வட்டப் பலகை முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை. செத்தவர்கள் முடியில் காப்பும் மோதிரமும் செய்வது ஒரு பிழைப்பா என்று நாத்தனார் கேட்கிறாள். அந்தப் பிழைப்பில்தான் அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து முடியை நீளவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்!

மதியம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். போன மாதம் தவறிப்போன மனைவியின் பின்னலைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். காப்பாகப் பின்னித் தர வேண்டுமாம். "ஸ்டியரிங் பிடிக்கறப்போ கண்ணுல படணும்மா." பிறகு நான் கேட்காமலே, "பாருங்க, கடைசி வரைக்கும் ஒரு நரை கிடையாது" என்றார். போகும்போதும் அதையே சொன்னார்.

மார்ச் 6

பாவி நான். பாவி.

யார் முடியானாலும் முதலில் நாலு இழையை மட்டும் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். இன்று பார்க்கவில்லை. அவர்தான் அத்தனை அடித்துச் சொன்னாரே என்று, எண்ணெய்ப் பிசுக்குப் போக முழுப் பின்னலையும் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுவிட்டேன். தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி ஆனது. எடுத்துப் பார்த்தால் - வெள்ளை. பாதிக்கு மேல் வெள்ளை. சாயம்! புருஷனுக்கே தெரியாமல் பூசியிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி. இப்போ நான் என்ன பண்ணித் தொலைக்கிறது? அவ முடிக்கு இனி எங்கே போறது?

மார்ச் 7

"டப்பா நிறைய கறுப்பு முடி கிடக்கே அண்ணி. அதுல பின்னிக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் நாத்தனார்.

"எவளோ ஒருத்தி முடியைக் கையில மாட்டிக்கிட்டு அந்த மனுஷன் பொண்டாட்டின்னு நினைச்சு அழணுமா?" என்று கத்தினேன். அவள் போன பிறகு டப்பாவைத் திறந்தும் பார்த்தேன். சே. மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 8

வேலை ஓடவில்லை. சோறும் இறங்கவில்லை.

மார்ச் 10

டிரைவரிடம் சொல்லிவிட்டேன். முடியை மேஜைமேல் வைத்து, "அண்ணே, தப்பு என்மேலதான். சோதிக்காம போட்டுட்டேன்" என்றேன். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் முடியைத் தடவிப் பார்த்தார். சிரித்தார், கண்ணில் நீரோடு.

"மாசாமாசம் நான்தாம்மா பூசிவிடுவேன். சின்ன வயசுலயே நரைச்சிடுச்சு அவளுக்கு. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. அதான் உங்ககிட்டயும் புளுகிட்டேன்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இப்படிச் செத்துப் பிழைத்திருக்க வேண்டாமே! ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை.

"வெள்ளையாவே பின்னட்டுமா அண்ணே?"

"ஐயையோ, அவ என்னைச் சும்மா விடுவாளா? நானே பூசிடறேன்மா."

பின்னிய பிறகு வடிவம் நிற்க இன்னொரு முறை கொதிக்க வைக்க வேண்டும், பூசுவதெல்லாம் அதற்கப்புறம்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 19

காப்பு முடிந்தது. டிரைவர் கிண்ணமும் பிரஷுமாக வந்து, என் மேஜையிலேயே சாயத்தைக் கட்டி தட்டாமல் குழைத்தார்.

பிரஷைத் தோய்த்து எடுத்தவர், காப்பைப் பார்த்து, "எரியும், கண்ணை மூடிக்கோ" என்றார்.

நான் மூடிக்கொண்டேன்.