கை காட்டினால் நிற்கும் வண்டி

ஜனவரி 5

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை, நானேதான். எழுத்து நூல் பிடிக்காமல் எழுப்பிய சுவர் மாதிரி ஏறியும் இறங்கியும் கிடக்கும், பொறுத்துக்கொள். கொத்தனார் கரண்டி பிடித்த கை பேனாவையும் அதே மாதிரி அழுத்திப் பிடிக்கிறது. மேலே ஓரிடத்தில் தாள் கிழிந்துவிட்டது. சுவராக இருந்தால் பூசி மறைத்திருப்பேன்.

மாடிவீட்டு டெய்லர்ப் பெண்தான் சாயங்காலங்களில் சொல்லிக்கொடுத்தாள். "மெதுவா பெரியப்பா, தாளுக்கு வலிக்கப்போவுது" என்று சிரிப்பாள். இப்போது தெருவில் இறங்கினால் எல்லாமே என்னிடம் பேசுகிறது. மருந்துக்கடை, சலூன், சுவரில் எழுதாதே என்று சுவரிலேயே எழுதியிருப்பது. பஸ் போர்டுகூடப் படிக்கிறேன்.

ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அத்தை, எதிர்வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே கூடிவிடுகிறது. நீயும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இனிமேல் எனக்குத் தாளில் எழுது. நான் மட்டும்தான் படிப்பேன். பெரிய எழுத்தாக எழுது. அந்த வெளிநாட்டில் அறையிலிருந்து காலேஜுக்கு எப்படிப் போகிறாய்? பஸ்ஸா? உட்கார இடம் கிடைக்கிறதா?

உன் அப்பா

*

ஜனவரி 21

அன்புள்ள அப்பா,

தபால்பெட்டியில் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே போய்ப் படிக்கப் பொறுமை இல்லை. கிழிந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். நான் பஸ்ஸில் போவதில்லை. நடக்கிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பாலத்தின்மேல் அடிக்கும் காற்றில் காது மரத்துப்போகிறது.

வந்த புதிதில் ஒருநாள் ஸ்டாப்பில் போய் நின்றேன். எந்த நம்பர், எத்தனை மணிக்கு வரும் என்று ஃபோன் எல்லாம் சொன்னது. வண்டியும் சரியாக வந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். ஆனால் நிற்காமல் போய்விட்டார். உள்ளே பாதி சீட்டு காலி. அடுத்த வண்டியும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். ஸ்டாப்பில் என்னைத் தவிர யாருமில்லை. என் நிறத்தையும் முகத்தையும் பார்த்துத்தான் நிறுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை அங்கே போய் நிற்க மனசு வரவில்லை, அப்பா. கடைக்குப் போனாலும் தலையைக் குனிந்துகொண்டே போய் வருகிறேன்.

மார்ச்சிலிருந்து மண் பரிசோதனை வகுப்பு ஊருக்கு வெளியே உள்ள ஆய்வுக்கூடத்தில். நடந்து போகிற தூரமில்லை. பஸ் ஏறாமல் இந்தப் படிப்பை முடிக்க முடியாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா? நீங்கள் வா என்றால் வந்துவிடுவேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் கடைக்குட்டி

*

பிப்ரவரி 7

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

உன் கடிதத்தை முழுசாகப் படித்து முடிக்க எனக்கு ரெண்டு நாளானது. எழுத்து தெரியாமல் இல்லை. நடுவில் நடுவில் வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வர வேண்டியிருந்தது. "என்னங்க எழுதியிருக்கா?" என்று உன் அம்மா கேட்டாள். "அங்க காத்து ஜாஸ்தியாம்" என்றேன். பொய் இல்லையே.

வர வேண்டும் என்றால் வா. இது உன் வீடு. யார் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த டிரைவர் விஷயம்தான் எனக்குப் புரியவில்லை.

சரி, என் மானம் போன கதையைக் கேள். மூக்குக்கண்ணாடி வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். பஸ் வந்தது. "பெரிய ஆஸ்பத்திரி – மார்க்கெட்" என்று போர்டை எழுத்துக்கூட்டாமலே படித்துவிட்டேன். ராஜா மாதிரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியில் இருந்த கடைப் பேர்களை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. மார்க்கெட் வரலையா என்று கேட்டேன்.

கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டே வந்தார். "மார்க்கெட்டா? அங்கேருந்துதான் பெரியவரே வண்டி வருது. நீங்க எதிர்ப்பக்கம் நின்னு ஏறியிருக்கணும்."

"போர்டுல போட்டிருக்கே."

"போகும்போதும் அதே போர்டுதான், வரும்போதும் அதே போர்டுதான். டிக்கெட் வாங்கும்போதாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கடைசி ஸ்டாப்புன்னு சொல்லித்தானே வாங்கினேன்."

"கடைசி ஸ்டாப் வந்தாச்சு, எறங்குங்க" என்றார். பின்னால் இருந்த ஒருவர், "வந்தது வந்துட்டீங்க, கண்ணையும் காட்டிட்டுப் போயிடுங்க" என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

யோசித்துப் பார். எழுத்து தெரியாத இத்தனை வருஷமும் போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டுக் கேட்டே ஏறினேன், ஒருநாளும் வழி தப்பியதில்லை. படிக்கக் கற்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்காக ஒன்று செய். ஆளைப் பார்த்தும் வண்டி ஏன் நிற்கவில்லை என்று அந்த ஊர்க்காரர் யாரிடமாவது கேள். நீ நினைத்ததுதான் காரணம் என்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்டு, நானே ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப்போகிறேன். அது தெரியாமல் நீ திரும்பி வந்தால், இங்கே ஒவ்வொரு பஸ்ஸைப் பார்க்கும்போதும் எனக்கு அதே யோசனையாக இருக்கும்.

உன் அப்பா

*

பிப்ரவரி 26

அன்புள்ள அப்பா,

கேட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அதே ஸ்டாப்புக்குப் போனேன். சக்கரம் வைத்த பையோடு ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். முதலில் டைம்டேபிளைப் படிக்கிற மாதிரி நின்றேன். அப்புறம் இங்கிலீஷில் கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கை காட்டினியாம்மா?" என்றார்.

"கையா?"

"இந்த ஸ்டாப்புல ஏகப்பட்ட நம்பர் வண்டி வருது. நீ எதுக்கு நிக்கறேன்னு டிரைவருக்கு எப்படித் தெரியும்? கை காட்டினாத்தான் நிக்கும். சும்மா நின்னா வேற வண்டிக்கு நிக்கறேன்னு போயிடுவாங்க."

அவ்வளவுதான், அப்பா. நம் ஊரில் ஸ்டாப்பில் ஆள் நின்றாலே கண்டக்டர் விசில் கொடுப்பார். இங்கே கண்டக்டரே கிடையாது. ஃபோன் எல்லாம் சொன்னது, இதை மட்டும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே, யார் எழுதி வைப்பார்கள்?

"எங்கே, நீட்டு பார்க்கலாம்" என்றார் பாட்டி. வண்டி வந்தது. கையை நீட்டினேன். நின்றது. நின்றது மட்டுமில்லை, பாட்டி ஏறுவதற்காக உஸ்ஸென்று மூச்சுவிட்டு ஒரு பக்கமாகத் தாழ்ந்தும் கொடுத்தது. டிரைவர் "குட் மார்னிங்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்று ஜாஸ்தி என்று பாட்டியிடம் சொன்னேன்.

பாட்டி நடுவிலேயே இறங்கிவிட்டார். இறங்குகிறவர்களும் மணியை அழுத்த வேண்டுமாம், அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலேஜ் என் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்த ஸ்டாப்பிலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தேன். நான் உங்கள் மகள்தான், அப்பா.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நேற்றுகூட வண்டி நிறைய ஆள் இருந்தும் என் பக்கத்துச் சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அது ஏன் என்று தெரியாது. ஆனால் அந்த டிரைவர்கள்மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை இறக்கி வைத்துவிட்டேன். தோள் லேசாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன். ரெண்டு பஸ் மாற வேண்டும். பெட்டி கட்டவில்லை. லீவுக்குத்தான் வருவேன். மூக்குக்கண்ணாடி வாங்கியாகிவிட்டதா?

உங்கள் கடைக்குட்டி

*

மார்ச் 15

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

கண்ணாடி வாங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் நின்று, மூன்று பேரைக் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். மூன்றாவது ஆள், "போர்டுலயே போட்டிருக்கே தாத்தா" என்றான். "போட்டிருக்கட்டும், நீ சொல்லு" என்றேன்.

உன் ஊர் வழக்கத்தையும் பழகிப் பார்த்தேன். வண்டி தூரத்தில் வரும்போதே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "என்ன பெரியவரே, டிராஃபிக் போலீஸ் வேலை கெடைச்சிருச்சா?" என்றார் அதே கண்டக்டர். "எம்பொண்ணு ஊர்ல இப்படித்தான்" என்றேன். உன் ஊர் என்று நானே சொல்லிவிட்டேன், பார். அப்புறம் வழியெல்லாம் அந்த மண்டி போடும் வண்டியைப் பற்றித்தான் பேச்சு. அவர் நம்பவில்லை. லீவுக்கு வரும்போது ஃபோட்டோ கொண்டு வா.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் தினமும் ஒரே நாய் ஏறுகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். ஃபோனை வைத்ததும் உன் அம்மா என்னைப் பார்த்தாள். "என்னங்க இது, இன்னிக்கு ஒரு தடவைகூட நல்லா இருக்கேன்னு சொல்லலையே" என்றாள். பழைய கடிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கடிதத்தை ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதப்போகிறேன். எழுத்தெல்லாம் கோணிக்கொள்ளும் என்கிறாள் டெய்லர்ப் பெண். இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்டேன்.

உன் அப்பா